கேட்டால் அழுத்தவும்

கதவு மூடியதும் ஏ.சி. இரைச்சல், தாழ்வாரத்துப் பூட்ஸ் காலடிகள், 'தளபதி உள்ளே இருக்கார், சத்தம் போடாதீங்கய்யா' என்று சத்தம் போட்ட யாரோ ஒருவருடைய குரல், எல்லாம் ஒரே வெட்டாக நின்றன. இனி இருபது நிமிடத்துக்கு அவரும் அவருடைய இரண்டு காதுகளும்தான். நாட்டின் விமானப்படைக்கே தலைவர், ஏர் சீஃப் மார்ஷல் தேவநேசன், வயது அறுபத்தொன்று, தோள்பட்டையைப் பார்த்தாலே லட்சத்துச் சொச்சம் பேர் விறைத்து நிற்பார்கள். அவர் இப்போது ஒரு துணி அலமாரி அளவே உள்ள கூண்டுக்குள் முழங்காலை இடுக்கிக்கொண்டு, தலையில் ஹெட்ஃபோனும் கையில் வயர் வைத்த கறுப்புப் பொத்தானுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே ஓர் அட்டை: கேட்டால் அழுத்தவும். அவ்வளவுதான் விதி. ஆனா ஆவன்னா தெரிந்த எவனுக்கும் புரிகிற விதி. சார்ஜென்ட் மாரிச்செல்வம் அதையும் விளக்கித்தான் கதவைச் சாத்தினார். "பீப்னு ஒரு சத்தம் வரும் சார். ரொம்பச் சின்னதா இருக்கும். வந்தா ஒரு அமுக்கு அமுக்குங்க. சந்தேகமா இருந்தாலும் அமுக்கலாம் சார், ஒண்ணும் தப்பில்ல." சந்தேகமாக இருந்தாலும் அழுத்தலாம் என்று மற்றவர்களுக்கும் சொல்வாரா, அல்லது இது தோள்பட்டைக்குக் கிடைக்கிற சலுகையா என்று தேவநேசன் அப்போதே யோசித்தார். ஆவாரங்காடு தளத்து ஆஸ்பத்திரியில் இந்தக் கூண்டுக்குள் எந்நாளும் ஒரு முக்காலிதான் கிடந்திருக்கும். இன்றைக்கு அதைத் தூக்கிவிட்டு யாருடைய அறையிலிருந்தோ கைவைத்த நாற்காலியைக் கொண்டுவந்து திணித்து, முதுகில் புது வெள்ளைத் துண்டையும் போர்த்தியிருந்தார்கள். தலைவர் உட்காரும் நாற்காலிக்குத் துண்டு இல்லாவிட்டால் வானம் இடிந்து தலையில் விழுந்துவிடும் அல்லவா. கூண்டின் மரச்சட்டத்துக்குப் பெயிண்ட் வேறு. அந்த வாசனை தொண்டையில் ஒட்டியது. இந்தப் பதவிக்கு வந்து இரண்டு வருடத்தில் அவர் பழைய சுவர் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. மரங்கள்கூட இடுப்புவரை காவியும் வெள்ளையும் பூசிக்கொண்டுதான் அவர் முன்னால் நிற்கின்றன.

பீப். வலது காதில், தவளை கத்துவது மாதிரி அடித்தொண்டையில், தெளிவாக. அழுத்தினார். மறுபடி, கொஞ்சம் மெல்ல. அழுத்தினார். இன்னும் மெல்ல, மூச்சு மாதிரி. அழுத்தினார். பரவாயில்லையே என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. மூன்றாம் வகுப்பில் மனக்கணக்குக்கு ஸ்லேட்டைத் தூக்கிக் காட்டிய பையனின் அதே அற்ப சந்தோஷம், அறுபத்தொன்றில். பாஸாகிவிடுவோம். பாஸாகத்தான் வேண்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு அவர் பறக்க வேண்டும், வருடாந்தர மருத்துவச் சோதனை முடிந்து 'தகுதி' என்று எழுதிய தாள் இல்லாமல் எவரும் விமானத்தில் ஏற முடியாது, தலைவரானாலும் சரி, தலைவரின் தலைவரானாலும் சரி. நாற்பத்து மூன்று நாளைக்கு முன்னால் இந்தத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று காய்ந்த ஏரிக்குள் விழுந்தது. பயிற்றுநர் போனார். இருபத்திரண்டு வயது மாணவி ஒருத்தியும் போனாள். எஞ்சினுக்குள் ஒரு பேரிங் தேய்ந்து உடைந்திருக்கிறது என்று விசாரணையில் கண்டுபிடித்தார்கள். உடைவதற்கு முன்னால் அது மெல்லிசாக விசில் அடிக்குமாம். விசில் கேட்ட உடனே திரும்பினால் தளத்துக்கு வந்து இறங்க நேரம் இருக்கும், யோசித்துக்கொண்டிருந்தால் இருக்காது. மிச்சமிருந்த நாற்பது விமானங்களையும் அவர் தரையில் நிறுத்திவைத்தார். எல்லாவற்றுக்கும் பேரிங் மாற்றி, ஒவ்வொரு எஞ்சினையும் தரையில் ஓட்டி, காது கொடுத்துக் கேட்டு, அதன் பிறகு அறிக்கை வந்தது: நாற்பதும் நலம். தேதியை மட்டும் அவர் அதற்கு முன்பே சொல்லிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டியபோது, 'இருபதாம் தேதி முதல் விமானத்தை நானே ஓட்டுவேன்' என்று சொன்னார். படையில் பழைய வழக்கம் அது. நிறுத்திவைத்த விமானம் மறுபடி கிளம்பும்போது தலைவர்தான் முதலில் ஏறுவார், சமைத்தவள் முதல் கவளத்தைத் தானே வாயில் போட்டுக் காட்டுகிற மாதிரி. பயப்படாதீர்கள், நானே சாப்பிடுகிறேன் பாருங்கள்.

பீப் வரவில்லை. எவ்வளவு நேரமாக வரவில்லை? யோசனையில் தவறவிட்டோமா? தேவநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதுக்குள் ஏதோ ஒன்று இருந்தது, ரொம்ப தூரத்தில் யாரோ கண்ணாடித் தம்ளரின் விளிம்பைத் தேய்ப்பது போல, ஆனால் அது இப்போது வந்ததா, எப்போதும் இருப்பதா? எப்போதும் இருப்பது. அவருக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடம் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் நின்றவன் காதில் அது குடிவந்துவிடும், வாடகை தராத குடித்தனக்காரன் போல. மெஷினின் சத்தம் எது, தன் சத்தம் எது என்று பிரித்துப் பார்க்க முயன்றார். முயல முயல இரண்டும் ஒன்றாகின. சந்தேகமாக இருந்தாலும் அழுத்தலாம். அழுத்தலாமா? போன மாசிமாசம் தோட்டத்தில் மனைவி லீலாவோடு உட்கார்ந்து டீ குடித்தபோது, 'இந்த நகராட்சிக்காரங்களைப் பாராட்டணும் லீலா, ஒரு கொசுகூட இல்லாமப் பண்ணிட்டாங்க' என்று சொன்னார். நிஜமாகவே பாராட்டி ஒரு கடிதமும் போடச் சொல்லியிருந்தார். லீலா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. "கொசு இல்லியா? நல்லா சொன்னீங்க. உங்க கையப் பாருங்க, அம்மை போட்ட மாதிரி இருக்கு. கொசு பாடுறது உங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான். கடி மட்டும் வாங்கிக்கிறீங்க." அவரும் சேர்ந்து சிரித்தார். கடிதத்தை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார், அது போய்ச் சேர்ந்து யாரோ ஒரு சுகாதார அதிகாரி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். ஆனால் அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கொசு பாடுகிறதா என்று காது கொடுத்தபடியே வெகுநேரம் படுத்திருந்தார். அதற்கப்புறம்தான் அந்த ஒலிப்பதிவு வந்தது. விழுந்த விமானத்துக்குள் பதிவான பேச்சு. அவருடைய அறையில் ஆறு அதிகாரிகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பெண்ணின் குரல்: 'சார், விசில் மாதிரி ஒண்ணு கேக்குது.' பயிற்றுநர்: 'எங்கே?' அவள்: 'இப்பக்கூட கேக்குது, சார்.' அந்த இடத்தில் ஆறு பேரும் ஒரே சமயத்தில் தலையை நிமிர்த்தினார்கள். விசில் கேட்டிருக்கிறது. அவரும் நிமிர்த்தினார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'இன்னொரு தடவை போடுங்க' என்றார். போட்டார்கள். நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தார். மூன்றாம் தடவையும் போடச் சொன்னார். தளபதிக்கு எவ்வளவு வேதனை பாருங்கள், அந்தப் பிள்ளையின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்களாம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் செவிடன் சங்கு கேட்ட மாதிரியே தலையையும் ஆட்டினால் அவனுக்கு என்ன பெயர்?

கூண்டில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதன் வழியே மாரிச்செல்வத்தின் இடது தோளும் காதும் கொஞ்சம் கன்னமும் தெரிந்தன. சாத்தூர்ப் பக்கத்து ஆள் என்று சொன்னார், அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலையாம். அந்தத் தோளை தேவநேசன் முதலில் சும்மாதான் பார்த்தார். அது லேசாக இறங்கியது. ஏறியது. கொஞ்சம் கழித்து மறுபடி இறங்கியது. மெஷினின் விசையை அழுத்தும்போது தோள் இறங்குகிறது. அவருக்கு அது புரிவதற்கும் கட்டைவிரல் பொத்தானை அழுத்துவதற்கும் நடுவில் ஒரு நொடிகூட இல்லை. கை தானாகச் செய்தது என்று சத்தியம் பண்ணத் தயார். ஆனால் தோள் அடுத்த தடவை இறங்கியபோதும் கை தானாகவே செய்தது. மூன்றாம் தடவை வேண்டுமென்றே ஒரு இமைப்பொழுது தாமதித்துச் செய்தது, உடனே அழுத்தினால் சந்தேகம் வரும் என்று. கைக்கு அவ்வளவு புத்தி எங்கிருந்து வந்தது? பைலட்டுகளுக்குப் பிறவியிலேயே வரும் புத்தி அது. கண் டாக்டரின் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்யாத பைலட் உலகத்தில் கிடையாது, முதலில் உள்ளே போனவன் வெளியே வந்து கடைசி வரியை நண்பன் காதில் ஓதிவிட்டுத்தான் போவான். எல்லோரும் செய்ததுதான். நம்பிராஜனும் அதைத்தான் செய்தான். ஐயோ, அவன் ஏன் இப்போது வருகிறான். ஸ்குவாட்ரன் லீடர் நம்பிராஜன், பதினான்கு வருடத்துக்கு முன்னால், தேவநேசன் ஒரு தளத்துக்கு அதிகாரியாக இருந்தபோது அங்கே இருந்தவர்களிலேயே நல்ல கை அவனுக்குத்தான். கண் மங்கியதை அட்டையை மனப்பாடம் செய்தே இரண்டு வருடம் மறைத்தான். அகப்பட்டபோது தேவநேசன் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். மொத்த ஸ்குவாட்ரனையும் நிற்கவைத்து, 'இவன் டாக்டரை ஏமாத்தல, உங்க ஒவ்வொருத்தரையும் ஏமாத்தியிருக்கான்' என்று சொன்னார். நல்லாத்தான் சொன்னார். அந்த வாக்கியத்துக்கு அவருக்குப் பெரிய பேர் கிடைத்தது, வேறு தளங்களில்கூட அதைச் சொன்னார்கள். நம்பிராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிடங்குப் பிரிவுக்கு மாற்றல், பிறகு ராஜினாமா. இப்போது கோயம்புத்தூரில் கார் கம்பெனி ஒன்றில் இருக்கிறான் என்று கேள்வி. ஊரார் முதுகில் இருக்கிற அழுக்கைத் தேய்ப்பது எவ்வளவு சுலபம். தோள் இறங்கியது. தேவநேசன் அழுத்தினார். அழுத்திவிட்டு, தன் கையைத் தானே அருவருப்போடு பார்த்தார்.

கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் கூண்டு பெரிதாகிவிட்டது, அல்லது அவர் சின்னவராகிவிட்டார். இப்போது உண்மையிலேயே அவரும் காதும்தான். தம்ளர் விளிம்பு. தம்ளர் விளிம்பு. இதயம் அடிப்பது. எச்சிலை விழுங்கினால் கூண்டே விழுங்குவது போல ஒரு சத்தம். வேறு எதுவும் இல்லை. அவர் அழுத்தவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தே அழுத்தாமல் உட்கார்ந்திருப்பது, தரை நெருங்க நெருங்கக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. கட்டைவிரல் பொத்தானின் மேலேயே துடித்தது. நாளைக்குப் பறக்காவிட்டால் என்ன சொல்வார்கள்? காது கேட்கவில்லை என்றா சொல்வார்கள்? பயந்துட்டான் என்பார்கள். நாற்பதும் நலம் என்று கையெழுத்துப் போட்டவன், ஏறச் சொன்னதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான் என்பார்கள். அந்த மாணவியின் அப்பா, தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற மனிதர், துக்கம் விசாரிக்கப் போனபோது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, 'இனிமே யாருக்கும் இப்படி ஆகாதில்லீங்களா சார்' என்று மட்டும் கேட்டார். ஆகாது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதனால் பறக்கத்தான் வேண்டும். பறந்தால்தான் என்ன? பின் இருக்கையில் ஓர் இளம் பயிற்றுநர் வருகிறான், அவனுக்குப் பாம்புச் செவி இருக்கும், விசில் வந்தால் அவன் சொல்வான். சொல்வான். அந்தப் பெண்ணும் சொன்னாள். தனக்கு மேலே இருக்கிற ஒருவர் 'எங்கே' என்று கேட்டவுடன் அவளுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்திருக்காதா? இரண்டாம் தடவை சொல்வதற்கு அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது? ஆறு நொடி. பயிற்றுநருக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கும் கேட்கவில்லையோ? அவரும் இதே மாதிரி ஒரு கூண்டில் உட்கார்ந்து இதே மாதிரி ஒரு தோளைப் பார்த்திருப்பாரோ? அந்தப் பயிற்றுநரின் காதுச் சோதனைத் தாளை விசாரணையில் வைத்திருந்தார்கள், குறையே இல்லை என்று கோடு நேராக இருந்தது, நினைவிருக்கிறது. நாளைக்கு முன் இருக்கையில் தேவநேசன், 'எங்கே' என்று கேட்கப் போகிறவர் அவர்தான். பின் இருக்கையில் வரப்போகிற அந்தப் பையனுக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார்கள். ஏர் சீஃப் மார்ஷலிடம் 'உங்களுக்குக் காது கேக்கல சார்' என்று சொல்ல அவனுக்கு எத்தனை நொடி ஆகும்? யுகம் ஆகும். பயமாக இருந்தது. விழுவதைப் பற்றிய பயம் அல்ல, அதை வாலிபத்திலேயே தின்று செரித்தாயிற்று. சரி, தகுதி இல்லை என்று எழுதட்டும். எழுதிவிடட்டும். யாரோ ஒருவர் எழுதிவிட்டால் போதும் என்று ஒரு கெஞ்சல் போல அவருக்குள் எழுந்தது. கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கதவு திறந்ததும் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே கொட்டியது. டாக்டர் விங் கமாண்டர் வசுமதி தாளோடு நின்றிருந்தார். நெற்றியில் வேர்வை, முகத்தில் சிரிப்பு. மாரிச்செல்வம் அவருக்குப் பின்னால் விறைப்பாக.

"முடிஞ்சது சார். ரொம்ப நல்லா இருக்கு."

தேவநேசன் தாளை வாங்கினார். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். இரண்டு கோடுகளும் தாளின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, கொடியில் வேட்டி உலர்த்தின மாதிரி, துளி இறக்கம்கூட இல்லாமல் போயின. இருபது வயதுப் பையனின் காது. கீழே 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. மை காய்ந்திருந்தது. கடைசி ஐந்தாறு நிமிடம் அவர் பொத்தானைத் தொடவே இல்லை.

"போன வருஷத்துத் தாள் இருக்கா?"

இருந்தது. கொண்டுவந்தார்கள். வேறு ஊர், வேறு டாக்டர், அதே வேட்டிக் கொடி. அதற்கு முந்தின வருடமும் அப்படியே. எத்தனை வருடமாக அவருடைய காதுக்குப் பதிலாக மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

"மாரிச்செல்வம், கடைசியில நான் எத்தனை தடவை அமுக்கினேன்?"

சார்ஜென்ட் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"சார், பெயிண்ட் வாசனை வேற. உள்ள உக்காந்தா யாருக்கும் கவனம் சிதறும்," என்றார் வசுமதி. "நாளைக்கு இங்க எல்லாரும் உங்களைத்தான் நம்பிக் காத்துக்கிட்டிருக்காங்க. என் கையால எப்படி சார்..."

கோபம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. தன்னைப் பார்த்தால் இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பயமா என்று வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார், ஜன்னலுக்கு முதுகு காட்டி.

"இன்னொரு தடவை வைங்க. கேக்காததைக் கேக்கலன்னே எழுதுங்க. இது ஆர்டர்."

மறுபடி கூண்டு, மறுபடி இருபது நிமிடம். இந்தத் தடவை வெளியே வந்தபோது தாளில் கோடு பாதிவரை ஒழுங்காகப் போய், அங்கிருந்து கிணற்றில் விழுந்தது போல இறங்கியிருந்தது. வசுமதி 'தகுதி'யை அடித்து, 'தகுதியில்லை' என்று எழுதும்வரை தேவநேசன் அங்கேயே நின்றார். நாற்பது வருட உத்தியோகத்தில் முதல் தடவையாகத் தன் பேருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையைப் பார்க்கிறார். வலித்தது. ஆனால் அந்த வலி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை, அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்துவிட்டது. காதுத் தாள் இவ்வளவு நேராக இருக்க முடியுமானால், மேஜைமேல் இருக்கிற இன்னொரு தாள்? நாற்பதும் நலம். நாற்பதில் ஒன்றுகூடக் கொஞ்சம் முனகவில்லையா? நாற்பது எஞ்சினும் அத்தனை நல்ல பிள்ளைகளா?

"எஞ்சினை ஓட்டிக் கேட்டுப் பார்த்தது யாரு? ஆபீசர் வேண்டாம். கையில கிரீஸ் இருக்கிற ஆளைக் கூப்பிடுங்க."

கால்மணி நேரத்தில் வந்தார். பிச்சையா, ஐம்பது வயது மெக்கானிக், சல்யூட் அடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டார். தேவநேசன் அவரை எதிரே உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"பிச்சையா, நாப்பது எஞ்சினையும் நீங்க ஓட்டிக் கேட்டீங்களா?"

பிச்சையா தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். உதடு அசைந்தது. வசுமதியின் முகம் வெளுத்தது. மாரிச்செல்வம் தலையை நிமிர்த்தினார். வழக்கம்போல, என்னவென்று தெரியாமலேயே, தேவநேசனின் தலையும் நிமிரப் பார்த்தது. அதை அவர் நிறுத்தினார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்றார். "எனக்குக் காது கேக்காது."

பிச்சையா முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதினோரு எஞ்சினைத்தாங்க ஓட்டிக் கேட்டோம். மத்ததுக்கு நேரமில்ல, எழுதிட்டோம். இருபதாம் தேதின்னு நீங்க சொல்லிட்டீங்களே, சார்."